கம்பியில் கட்டிய துண்டு

"இன்னா மாமா, தலைய இப்படித் தொங்கப் போட்டுக்கினு வர? பயமா இருந்தா சொல்லிடு. நான் மட்டும் ஏறிட்டு வரேன்" என்றாள் ஜெயம்.

"பயமாவது ஒண்ணாவது! மெதுவா பேசேன்" என்றான் வடிவேல். பொருட்காட்சியில் வாங்கிய காகிதத் தொப்பியைப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு அவள் முதுகுக்குப் பின்னால் ஒண்டினான். தொப்பி சின்னப் பிள்ளைகள் போடுவது. காதுக்கு மேல் கிழிந்துவிட்டது.

உப்பளம் மைதானத்துப் பொருட்காட்சிக்கு இந்த வருஷம்தான் மலை ரயில் வந்திருக்கிறது. பனை உயரத்துக்கு இரும்புப் பாலம். அதில் முக்கி முனகி ஏறி, குப்புற இறங்கி, வளைந்து நெளிந்து ஓடும். அதில் ஏறப்போவதாக ஜெயம் அரியாங்குப்பத்தில் ஒரு தெரு பாக்கியில்லாமல் சொல்லி வைத்துவிட்டாள். இன்றைக்குக் கடைசி நாள். ஏறாமல் திரும்பினால் எதிர்வீட்டுத் தனக்கொடி ஒருத்தி போதும், பொங்கல் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

வடிவேலுக்கு ரயிலிடம் பயமில்லை. ரயில்காரரிடம்தான் பயம்.

அவனுக்கு வேலையே அந்த ரயிலில்தான். பஞ்சு மில்லை இழுத்து மூடி நாலு மாசம் ஆகிறது. கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய வேலை இது. இறங்கிப் பாய்ந்து வரும் ரயிலைப் பிரேக் கம்பியை இழுத்து நிறுத்த வேண்டும். நாளைக்குக் கடலூருக்குக் கிளம்புகிறார்கள், அவனையும் கூட வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் காண்டிராக்டர் அரிகிருஷ்ணன் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேலைக்காரன் எவனாவது ரயிலில் உட்கார்ந்ததைப் பார்த்தேன், அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவேன் என்று. மனுஷன் சொன்னால் செய்வார்.

"நீ இங்க வந்துட்ட. அப்ப கம்பிய யாரு இழுப்பா?" என்று கேட்டாள் ஜெயம்.

"ராமதாசு அண்ணன். இந்த வேலைக்கு ரெண்டு பேரு. ஒருத்தர் இழுத்தா இன்னொருத்தர் பக்கத்துலயே டீ குடிச்சிக்கினு நிப்போம்."

"அவராண்ட சொல்லிட்டு வந்தியா?"

"சொல்லணுமா இன்னா? துண்டக் கட்டிட்டு வந்திருக்கேன்."

மில்லில் அதுதான் பழக்கம். மிஷின் ஓடுகிற இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் யார் காதிலும் விழாது. அதனால் அவசரமாக வெளியே போகிறவன் தோள்துண்டை மிஷினில் கட்டிவிட்டுப் போய்விடுவான். பக்கத்து மிஷின்காரன் அதை அவிழ்த்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு இரண்டையும் பார்த்துக்கொள்வான். வடிவேலும் ராமதாசும் பத்து வருஷம் பக்கத்துப் பக்கத்து மிஷின். வாயைத் திறந்து ஒருவரை ஒருவர் கேட்டதே கிடையாது.

இந்தத் தடவையும் அப்படித்தான். வந்த ரயிலை இழுத்து நிறுத்தினான், டீக்குப் போன ராமதாசு வந்ததும் பார்க்கட்டும் என்று கம்பியில் சிவப்புத் துண்டை முடிந்தான், தகரக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து ஜெயத்தோடு சேர்ந்துகொண்டான்.

வரிசை நகர்ந்தது. டிக்கெட் மேசையில் இருந்த அரிகிருஷ்ணன் எதற்கோ திரும்பினார். வடிவேல் தலையைக் குனிந்துகொண்டான். ஜெயத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்பெட்டிக்குள் விழாத குறையாக உட்கார்ந்தான். குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

"நிக்காம போயிட்டா இன்னா பண்றது மாமா?" ஜெயத்துக்கு இப்போதுதான் லேசாக உதறல் எடுத்தது.

"எங்க போவும்? அண்ணன் கைய வெச்சா யானையே நிக்கும்."

கடைசிப் பெட்டியில் யாரோ விடாமல் இருமினார்கள். பஞ்சு தின்ற இருமல். மில்லுக்காரன் எவனோ என்று நினைத்துக்கொண்டான் வடிவேல். இந்த ஊரில் அந்த இருமல் இல்லாத தெரு ஏது?

மணி அடித்தது. ரயில் கடகடவென்று மேலே ஏறியது. அரிகிருஷ்ணன் பார்க்கவில்லை! வடிவேல் அப்போதுதான் தலையை நிமிர்த்தினான்.

"மாமா, கடலு தெரியுது பாரு! படகு தெரியுது!" ஜெயம் குழந்தை மாதிரி கையைத் தட்டினாள். அந்த முகத்தைப் பார்க்கத்தானே இத்தனை பாடு என்று அவனுக்கும் சிரிப்பு வந்தது.

உச்சிக்கு வந்ததும் கீழே எட்டிப் பார்த்தான். தகரக் கொட்டகை தெரிந்தது. அதற்குள் ஸ்டூல் காலியாக இருந்தது. சிவப்புத் துண்டு, அவன் முடிந்தபடியே, கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது.

வேலையாவது மண்ணாவது! தொப்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து நின்றான்.

"அண்ணே! ராமதாசண்ணே! துண்டப் பாருண்ணே! துண்டு!"

கடைசிப் பெட்டியில் இருமல் சட்டென்று நின்றது. ரயில் தலைகுப்புற இறங்கத் தொடங்கியபோது அங்கிருந்து அலறல் வந்தது.

"டேய் வடிவேலு! நீ கீழ இருக்கிற தைரியத்துலதானடா நான் குடும்பத்தோட ஏறினேன்!"