நறநறக்காத முத்து

ஒரே ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் என் முத்து பிழைத்துக்கொள்ளும்.

இப்படி நினைத்த தாட்சாயிணி, அந்த வார்த்தை தானாக வெளியே வந்துவிடுமோ என்று உதடுகளை இறுக்கிக்கொண்டாள்.

நிச்சயதார்த்தத்துக்கு வந்திருந்த நாற்பது பேரும் வேம்புலியம்மாளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மாப்பிள்ளையின் அம்மா. பெண்ணுக்குப் போட வேண்டிய முத்துமாலையை எடுத்து, ஒரு முத்தை முன்பல்லில் வைத்து இடமும் வலமுமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நல்ல முத்து மணல் பட்டதுபோல நறநறக்கும். வழுக்கினால் போலி.

நான்காவது முத்துக்கும் தலையை ஆட்டினாள்.

"சோப்பு மாரி வழுக்கிகினு போவுது. இது முத்தே இல்ல."

பெண்ணின் அம்மா அனுசுயாவுக்கு முகம் சுண்டிவிட்டது. கடை நகை வேண்டாம், எதிர்வீட்டுத் தாட்சா கையால்தான் வேண்டும் என்று அண்ணனூர் முழுக்கச் சொல்லிவைத்தவள் அவள்.

மூன்று வார வேலை. வெள்ளிக் கம்பியை வளைத்துச் செய்த பதக்கம். ஒவ்வொரு முத்துக்கும் நடுவே ஒரு முடிச்சு, அறுந்தாலும் ஒன்றுதான் உருளும். தொண்ணூற்று இரண்டு முத்துகளையும் தாட்சாயிணி தன் பல்லிலேயே தேய்த்துப் பார்த்திருந்தாள். பிறகு கழுவித்தான் கோர்த்தாள். கழுவியதை அனுசுயாவிடம் சொல்லவில்லை, ஏன் கழுவினாய் என்று கேட்பாள்.

வேண்டுமென்றே கொஞ்சம் கோணலான முத்துகளைச் சேர்த்திருந்தாள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் யாரும் நிஜம் என்று நம்புவதில்லை.

அனுசுயா மாலையைப் பிடுங்காத குறையாக வாங்கித் தன் பல்லில் தேய்த்தாள்.

"எனக்கு நல்லா நறநறங்குதே சம்பந்தி."

"நீங்க பொண்ணப் பெத்தவங்க. ரப்பரக் குடுத்தாலும் நறநறங்குதுன்னுதான் சொல்லுவீங்க."

கூடம் சிரித்தது. வேம்புலியம்மாளும் சிரித்தாள். அவளுடைய சிங்கப்பல் பளிச்சிட்டது. அறுபது வயதில் இப்படி ஒரு பல்வரிசையா என்று காலையிலிருந்து எல்லோரும் வியந்துகொண்டிருந்தார்கள். எல்லாம் வேப்பங்குச்சி, பேஸ்ட்டைக் கையால் தொட்டதில்லை என்று அவளும் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

அனுசுயா திரும்பினாள்.

"நீ செஞ்சவதானே தாட்சா. எனக்கு நறநறங்குது, அவங்களுக்கு ஏன் வழுக்குது? எல்லார் முன்னாடியும் சொல்லு."

போலி செய்பவள் என்று இன்றைக்குப் பெயர் வந்தால், நாளை முதல் அந்தத் தெருவில் ஒரு மூக்குத்திகூட அவளிடம் வராது.

தாட்சாயிணி மறுபடி அந்தச் சிங்கப்பல்லைப் பார்த்தாள். பக்கத்துப் பல்லின்மேல் அரிசி முனையளவு ஏறி, லேசாகச் சாய்ந்து நின்றது.

வீட்டில் அவளுக்கு அரை மேசைதான். மறு பாதி கணவன் தமிழரசுவுடையது. அவன் பல் செட் செய்கிறவன். மெருகேற்றும் மோட்டார் இருவருக்கும் ஒன்றுதான். அவனுக்குப் பொறுமை கிடையாது, கடைசி மெருகு எப்போதும் அவள் வேலை.

போன மாசியில் அந்த மறு பாதியில், ஈறை அளவெடுத்து வார்த்த ஒரு மாவுக்கல் அச்சு இருந்தது. பென்சிலில் பெயர் எழுதியிருந்தது: வேம்புலியம்மாள், பாரிவாக்கம். மேல்வரிசை, கீழ்வரிசை. எல்லாப் பல்லும் ஒழுங்காக நின்றால் செட் என்று தெரிந்துவிடும், ஒன்றைச் சாய்த்து வை என்று தமிழரசுவிடம் சொன்னவள் தாட்சாயிணிதான். மூன்று முறை மெருகு போட்டாள். அந்தப் பல்லில் முத்து வழுக்காமல் என்ன செய்யும்.

போட்டிருப்பதையே அந்த அம்மாள் மறந்துபோயிருக்கிறாள். நாற்பது பேரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. தாட்சாயிணிக்கு, அந்த இடத்தில், வெட்கமில்லாமல் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

வேம்புலியம்மாள் அவள் பார்வை நிற்கும் இடத்தைக் கவனித்தாள். சிரிப்பு மெதுவாக மூடிக்கொண்டது. கை தானாக வாயருகே போயிற்று.

"வாயத் தொறந்து சொல்லேண்டி," என்றாள் அனுசுயா.

தாட்சாயிணி மாலையை வாங்கி, நான்கு முத்துகளை மட்டும் முந்தானையால் துடைத்தாள்.

"அத மட்டும் என்னக் கேக்காதீங்கக்கா."