மண்டோருக்கு வந்த மசக்கை

செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் அர்ச்சுனனுக்கு வாரம் ஒரு நோய் வரும். அதுவும் வியாழக்கிழமை, இலவச மருத்துவ வேன் தோட்டத்துக்குள் நுழையும் நேரம் பார்த்துத்தான் வரும்.

போன வாரம் இடுப்பு வலி. அதற்கு முந்தின வாரம் வறட்டு இருமல். அதற்கும் முன்னால் காலில் செம்பனை முள் குத்திவிட்டதாம். காலைக் காட்டச் சொன்னால், "அதெல்லாம் வேணாம் மிஸ்ஸி, களிம்பு மட்டும் குடுங்க லா" என்று வாங்கிக்கொண்டு விறுவிறுவென நடந்துவிட்டார்.

தாதி திலகாவுக்கு மண்டை குடைந்தது.

செனாவாங் நகரிலிருந்து வேன் வருவதே வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காகத்தான். இருநூறு பேர் வேலை செய்யும் தோட்டத்தில் எட்டிப் பார்ப்பது நாலே பேர். இந்த மாதமும் இப்படியென்றால் வேனை நிறுத்திவிடுவோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. இந்த லட்சணத்தில், இருக்கிற மருந்தை மண்டோர் அள்ளிக்கொண்டு போகிறார். வெளியில் விற்கிறாரோ என்னவோ, கடவுளுக்கே வெளிச்சம்.

இன்றைக்கு ஆளை விடுவதில்லை.

"என்ன அண்ணே, இந்த வாரம் எங்க வலி?"

"வலி இல்ல மிஸ்ஸி. காலையில எந்திரிச்சா வாந்தி. தலை சுத்துது."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா."

"சாப்பாடு?"

"சோத்து வாடையே ஆகல. புளிப்பு மாங்கா கேக்குது."

திலகா பேனாவைக் கீழே வைத்தாள். மண்டோரின் நரைத்த மீசையை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

"இது யாருக்கு அண்ணே?"

அவர் தலையைச் சொறிந்தார். "தொழிலாளிங்க தங்குற கொங்சி வீட்டுல ஒரு இந்தோனேசியாக்காரப் பொண்ணு. போன வார இடுப்பு வலி அவ புருஷனுக்கு."

"அப்ப இருமல்?"

"பக்கத்து ரூம்ல ஒரு பங்களாதேஷ்காரரு. முள்ளு குத்துனதும் அவருக்குத்தான்."

விற்கிறார் என்று நினைத்தோமே! திலகாவுக்கு வெட்கமாகிவிட்டது. அதை மறைக்கக் குரலை உயர்த்தினாள்.

"அவங்களையே வரச் சொல்ல வேண்டியதுதானே? இது அவங்களுக்கு வர்ற வேன் லா!"

அர்ச்சுனன் வேன் கதவில் தொங்கிய பலகையைக் காட்டினார். 'பாஸ்போர்ட், பெர்மிட் இல்லாமல் வரவேண்டாம்' என்று மலாயில் கொட்டை எழுத்தில் இருந்தது.

"பாஸ்போர்ட்டெல்லாம் ஆபீஸ் அலமாரியில பூட்டிக் கெடக்கு மிஸ்ஸி. பாதிப் பேருக்குப் பெர்மிட்டும் முடிஞ்சிருச்சு. பலகையப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிடுறாங்க. எனக்குத்தானே இந்த நாட்டு ஐசி கார்டு இருக்கு?"

திலகா எழுந்துபோய்ப் பலகையைக் கழற்றினாள்.

மாட்டச் சொல்லி எந்த மேலிடமும் சொல்லவில்லை. பதிவேட்டில் பாஸ்போர்ட் எண், பெர்மிட் எண் என்று ஒரு கட்டமும் காலியாக இருக்கக்கூடாதென்று போன வருஷம் அவளே எழுதி மாட்டியது அது.