வரி இல்லாத ஊர்

"வேண்டாம்மா. உங்க ஊர்லயே பதிஞ்சுக்குங்க," என்று சொல்லி போனை வைத்தான் ஓரின்.

வெளியூர்க்காரர்களின் கம்பெனிகளை அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் பதிந்து கொடுப்பதுதான் அந்த அலுவலகத்துக்குப் பிழைப்பு. ஓரின் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் பதினோரு பேரைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

மேலாளர் வெர்னா கண்ணாடி அறைக்குள்ளிருந்து கையாட்டிக் கூப்பிட்டாள்.

"இப்ப யாரு?"

"பக்கத்து மாநிலம் நெப்ராஸ்காவுல ஒரு அம்மா, மேடம். நாய் பிஸ்கட் செஞ்சு விக்கிறாங்க."

"இங்க கம்பெனிக்கு வருமான வரி கிடையாதுன்னு சொன்னியா?"

"சொன்னேன். ஆனா பிஸ்கட் சுடறது, விக்கிறது எல்லாம் அங்க. வரியும் அங்கதானே கட்டணும்? இங்கயும் பதிஞ்சா ரெண்டு மாநிலத்துக்கும் கட்டணம் அழணும். அதையும் சொன்னேன்."

"அதை யாரு உன்னைக் கேட்டா?"

"அவங்கதான் கேட்டாங்க, மேடம்."

வெர்னா பேனாவை மூடி வைத்தாள்.

"இதோ பாரு ஓரின். நீ நல்ல பையன். ஆபீசுக்கு நீ சுட்டுக் கொண்டு வர்ற கேக்கும் நல்லாதான் இருக்கு. ஆனா இது கடை. வர்றவங்களுக்கு விக்கணும். அப்புறம் அவங்க பாடு. இன்னும் ஒருத்தரைத் திருப்பி அனுப்பினே, வெள்ளிக்கிழமையோட நீ கிளம்ப வேண்டியதுதான்."

ஓரினுக்குப் போன மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. சரி என்று தலையாட்டினான்.

அதற்குள் வெர்னாவின் கைப்பேசி அடித்தது. "ஒரு நிமிஷம்," என்று எடுத்தாள்.

"சொல்லு ஜோலீன்... பார்லரா? ஜோரா ஆரம்பி... என்னது, இங்க வந்து பதியப் போறியா? உனக்கென்ன கிறுக்கா? கடை நெப்ராஸ்காவுல, வரியும் அங்கதான். எதுக்குடி ரெண்டு இடத்துல தண்டம் அழற? எவன் சொன்னான் உனக்கு? ... எங்க விளம்பரத்துலயா? அதையெல்லாம் போய் நம்புவாங்களா?"

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். ஓரின் ரொம்ப அக்கறையாக மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெர்னாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, வெள்ளிக்கிழமையை மறந்துடு. ஆனா ஒண்ணு, அவ என் கூடப்பிறந்த தங்கச்சி. அதனாலதான் சொன்னேன்."

"நமக்கு போன் பண்றவங்களும் யாருக்கோ தங்கச்சிதானே, மேடம்?" என்றான் ஓரின்.