வாயில்லா ஜீவன்

"வெள்ளிக்கிழமை டாக்டர் ஊசி போட வரார். உன்னால முடியாதுன்னா இப்பவே சொல்லிடும்மா. உனக்கு முன்னாடி வந்த ரெண்டு பேரும் நாத்தம் தாங்காம மத்தியானமே கிளம்பிட்டா."

அனந்தலக்ஷ்மி சொன்னதைத் தமயந்தி கேட்டுக்கொண்டாள். நாயைப் பார்த்துக்கொள்ள, பக்கத்து வீட்டில் சமைக்கும் சரசு அனுப்பி வந்தவள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேராகக் கூடத்து மூலைக்குப் போய், கோணியில் கிடந்த நாயின் அருகே தரையில் உட்கார்ந்தாள்.

பிந்துவுக்குப் பன்னிரண்டு வயது தாண்டிவிட்டது. குட்டியிலேயே ஒரு பின்னங்கால் ஒடிந்து நொண்டிக்கொண்டிருந்த நாய். ஆறு மாதமாக இரண்டு பின்னங்கால்களுமே வேலை செய்யவில்லை. தூக்கி, துடைத்து, புரட்டிப் போட ஆள் வேண்டும். கிடைக்காவிட்டால் வலியில்லாமல் முடித்துவிடும் ஊசிதான் வழி என்று டாக்டர் ஓஸ்வால்ட் சொல்லிவிட்டார்.

தமயந்தி நாயின் முதுகெலும்பை விரலால் தடவிக்கொண்டே வந்து இடுப்பருகே நிறுத்தினாள்.

"கடைசியா எப்போம்மா புரட்டிப் போட்டீங்க?"

"காலம்பற."

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருவாட்டி புரட்டணும். பாருங்க, செவந்துடுச்சு. இன்னும் ரெண்டு நாள் விட்டா புண்ணாயிடும்."

"நான் முப்பத்தஞ்சு வருஷம் ஆபீஸ்ல ஃபைல் புரட்டினவன்," என்றார் ஜன்னலோர நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அனந்தலக்ஷ்மியின் கணவர் சீனிவாசராகவன். "நாயைப் புரட்டினா என் இடுப்பு பிடிச்சுக்கறது. அப்புறம் என்னைப் புரட்ட ஒரு ஆள் தேடணும்."

தமயந்தி சிரித்தாள். ஒரு பழைய துண்டை மடித்து நாயின் வயிற்றுக்கடியில் கொடுத்து, இரு முனையையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினாள். பிந்து முன்னங்கால்களில் நின்றது. இன்னொரு கையால் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்து, இரண்டு விரலால் மெதுவாக அழுத்தினாள். விரித்திருந்த தாளில் சிறுநீர் நிற்காமல் போயிற்று. நேற்றிலிருந்து முனகிக்கொண்டிருந்த நாய் முனகலை நிறுத்தியது.

அனந்தலக்ஷ்மிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதெல்லாம் எங்க கத்துண்டே?"

"எங்க வூட்டுக்காரருக்குச் செஞ்சதுதாம்மா. ஒம்பது வருஷம் படுக்கையிலயே இருந்தாரு. இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே தெரியாது."

"இப்போ எப்படி இருக்கார்?"

"போய் மூணு வருஷமாச்சு."

அனந்தலக்ஷ்மி அவளுக்குக் காபி கலந்து எடுத்து வந்தாள். இவ்வளவு நல்லபடியாகச் செய்கிறவளுக்கு இந்த நாயின் கதை தெரிய வேண்டும் என்று தோன்றியது.

"இவர் தூக்கிண்டு வந்த நாய்தான் இது."

"அதெல்லாம் எதுக்கு இப்போ?" என்றார் சீனிவாசராகவன்.

"இவரைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை பேசப்படாது, உடனே கூச்சம் வந்துடும். தொண்ணூத்தொண்ணு டிசம்பர், இங்க தமிழ்க்காராளைத் தேடித் தேடி அடிச்ச காவேரி கலாட்டா. உனக்கு ஞாபகம் இருக்குமே. அன்னிக்குச் சாயங்காலம் ஈஜிபுரா பக்கமா வந்திண்டிருந்தார். தமிழ்க்காரான்னு தெரிஞ்சா காரோட கொளுத்திடுவாங்கற நேரம். நடுரோட்டுல இது கால் ஒடிஞ்சு கிடக்கு. அந்த பயத்துலயும் இறங்கி, மடியில போட்டுண்டு வந்தார். ஒரு வாயில்லா ஜீவனுக்காக யாருக்கு அப்படி மனசு வரும் சொல்லு?"

நாயின் முதுகில் இருந்த தமயந்தியின் கை நின்றது.

"வெள்ளை காருங்களா?"

"ஆமா, பியட். உனக்கெப்படித் தெரியும்?"

தமயந்தி காபி டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"எங்க வூட்டுக்காரரும் அன்னிக்கு அதே ரோட்டுலதாம்மா கிடந்தாரு. கட்டையால முதுகுல அடிச்சுப் போட்டுட்டுப் போய்ட்டாங்க. எழுந்திரிக்க முடியல. ஒரு வெள்ளை காரு வந்து நின்னுச்சாம். தனக்குத்தான் நின்னுச்சுன்னு நெனச்சு, 'சார், ஆஸ்பத்திரில விட்டுடுங்க'ன்னு கையை நீட்டினாராம். காருக்காரரு எறங்கி வந்து பக்கத்துல கிடந்த நாய்க்குட்டியைத் தூக்கிட்டாராம்."

ஜன்னலோரத்தில் பேப்பர் முகத்தை மறைத்து உயர்ந்தது.

"இருக்காதும்மா," என்றாள் அனந்தலக்ஷ்மி. "இவர் பார்த்திருக்க மாட்டார். பார்த்திருந்தா விட்டுட்டு வர மனுஷர் இல்லை. ஏன்னா, நீங்களே சொல்லுங்கோளேன்."

சீனிவாசராகவன் பேப்பரைக் கீழே இறக்கவில்லை.

தமயந்தி நாயை மறுபக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தாள். துண்டை உதறி மடித்தாள்.

"டாக்டரை வர வேணாம்னு சொல்லிடுங்கம்மா. நாளைக்கு ஏழு மணிக்கு வர்றேன். நாயி என்ன பண்ணும், பாவம்."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டவளின் பின்னாலேயே அனந்தலக்ஷ்மி ஓடிவந்தாள்.

"அவர் பார்க்கலைன்னு நீ நம்பணும்மா."

"பாத்தாரும்மா. பதில்கூடச் சொன்னாரு. 'தமிள் கொத்தில்லா', தமிழ் தெரியாதுன்னு கன்னடத்துல சொல்லிட்டுத்தான் காரை எடுத்தாராம். ஒம்பது வருஷமும் எங்க வூட்டுக்காரரு அவரை ஒரு வார்த்தை திட்டலம்மா. 'பாவம் கன்னடக்காரரு, நான் கூப்பிட்டது அவருக்குப் புரியல'ன்னு சொல்லிச் சொல்லியேதான் செத்துப்போனாரு."