அப்பாவின் நிச்சயம்

“இந்த நிமிஷம் செத்தாலும் நான் நேரா பரலோகம்தான்,” என்றார் அப்பா.

தண்ணீர் கேட்பதற்கே வாய் குழறுகிறவருக்கு இந்த ஒரு வாக்கியம் மட்டும் பிசிறில்லாமல் வந்தது.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாஸ்டர் கண்ணை மூடி, “ஸ்தோத்திரம்” என்றார். ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு வந்திருந்தார். போன மாதம் இதே கட்டிலில்தான் அப்பா மனந்திரும்பினார். அன்றிலிருந்து பாஸ்டர் வாரம் தவறாமல் வருகிறார்.

மகள் கால்மாட்டில் நின்றாள். கையில் அப்போதுதான் கழுவிக்கொண்டு வந்த பெட்பேன்.

அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைக்கிறவள். மத்தியானம் ஒரு ஓட்டமாக வீட்டுக்கு வந்து அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டுப் போவாள். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து நாலு வருஷம் ஆகிறது. அந்த உடம்பில் ஒரு படுக்கைப்புண் கிடையாது.

பாஸ்டர் அவள் பக்கம் திரும்பினார். அவளைவிடப் பத்து வயது சின்னவர்.

“உங்களுக்கு அந்த நிச்சயம் இருக்காக்கா?”

அவள் பெட்பேனை மறுகைக்கு மாற்றினாள்.

“அப்பாவுக்கு நீங்க செய்யறது பெரிய விஷயம்தான். ஆனா அதை நம்பி அங்க போக முடியாது. நாம செஞ்சதுக்குக் கிடைக்கிற கூலி இல்ல அது. முழுக்க முழுக்கக் கிருபை.”

“பரலோகம் வேணும்னு நான் கேட்டேனா பாஸ்டர்? ஒரு நாள் முழுசாத் தூங்கினாப் போதும் எனக்கு.”

பாஸ்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அவர் அதோடு விட்டிருக்கலாம். அப்பாவின் விளங்காத கையைத் தடவிக்கொடுத்தபடி, “உங்கம்மா ஐயாவுக்காக எத்தனை வருஷம் முழங்கால்ல நின்னாங்கன்னு அவரே சொன்னார். அந்த ஜெபத்துக்கு இப்போதான் பதில் கிடைச்சிருக்கு” என்றார்.

அவளுக்குக் காதுமடல் சுட்டது. பெட்பேனைத் தரையில் வைத்தாள். வைக்கவில்லை, போட்டாள்.

“அம்மா எப்படிச் செத்தாங்கன்னு சொன்னாரா?”

அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

“அப்போ நான் சொல்றேன்.”

சொன்னாள். அவளுக்குப் பதினாலு வயது. அம்மாவுக்கு ரத்தப்போக்கு நிற்கவே இல்லை. வாசலில் அப்பாவின் லாரி நின்றது. ஆஸ்பத்திரி பத்து நிமிஷ தூரம். “நாடகம் போடறா” என்று சொல்லிவிட்டு அப்பா சாப்பிட உட்கார்ந்தார். அடுத்த நாளும் அதையே சொன்னார். “அப்பாவே கூட்டிட்டுப் போவாரு, நீ இரு” என்று அம்மா அவள் கையைப் பிடித்து வைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் கையை உதறிவிட்டுத் தெருவுக்கு ஓடி, கண்ணில்பட்ட வண்டியையெல்லாம் மறித்து, ஒரு பால்வண்டிக்காரரை இழுத்துக்கொண்டு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இதைச் சொன்னால் குரல் உடைந்துவிடும் என்று இத்தனை காலம் பயந்திருந்தாள். உடையவில்லை.

பாஸ்டரின் முகம் வெளுத்துவிட்டது. கொஞ்சம் தடுமாறித்தான் பேசினார்.

“அதையும்... அதையும் கர்த்தர் மன்னிச்சுட்டார்க்கா. கடலோட ஆழத்துல போட்டுட்டார்.”

“அவர் போட்டிருக்கலாம். நான் போடலையே! செத்தது எங்கம்மா. மன்னிக்கறதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்க வேணாமா? நாலு வருஷமா அள்ளிக் கொட்டறேன். இந்த மனுஷன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ‘தப்புப் பண்ணிட்டேன்’னு என் மூஞ்சியப் பார்த்துச் சொன்னதில்ல. மேல சொல்லிட்டாராம். அங்க எல்லாம் சரியாயிடுச்சாம். இடமும் போட்டு வெச்சாச்சாம்!”

பாஸ்டருக்குப் பதில் தெரியாமல் இல்லை. படித்த பதில்தான். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டார்.

“வேணாம்.”

அவர் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

பெட்பேனை எடுக்க அவள் குனிந்தாள். அப்பாவின் இடக்கை அவள் துப்பட்டாவின் நுனியைப் பிடித்தது.

அவர் கண் கலங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தாள். இருபத்தாறு வருஷமாக வராத வார்த்தை. இவ்வளவு கோபத்துக்கு நடுவிலும் அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த ஆசைக்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

வாய் கோணியது. எச்சில் வழிந்தது. அந்தக் குழறல் அவளைத் தவிர வேறு யாருக்கும் புரிந்திருக்காது.

“அங்க... உங்கம்மாவும் இருப்பாளா?”

அவள் அவரையே பார்த்தாள். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கத்தில் கேட்ட கேள்வி இல்லை அது. அப்பா பயந்து அவள் பார்த்ததே கிடையாது. இப்போது பார்த்தாள்.

“இருப்பாங்க,” என்றாள். “வாசல்லயே நிப்பாங்க.”

இடக்கை துப்பட்டாவை விட்டுவிட்டு ஜன்னலைக் காட்டி உதறியது. கீழே பாஸ்டர் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார். வண்டி கிளம்ப மறுத்துக்கொண்டிருந்தது. ஒரு குரல் கொடுத்தால் போதும், திரும்பி மேலே வந்துவிடுவார்.

அவள் போய் ஜன்னலைச் சாத்தினாள். பாஸ்டர் உட்கார்ந்திருந்த நாற்காலியை அப்பாவின் முகத்துக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சொல்லுங்க. அம்மாவைப் பார்த்ததும் என்ன சொல்லப் போறீங்க?”