இரண்டு வருடத்துக்கு ஒரு நாற்காலி

வடிவமைப்பு வகுப்பில் பேராசிரியர் கொடுத்த வேலை இதுதான்: பதினாறு வயதுப் பெண் ஒருத்திக்குச் சக்கர நாற்காலி வேண்டும்; இரண்டு வருடம் உழைத்தால் போதும்.

“அப்புறம் வேண்டாமா சார்?” என்றான் ஒரு மாணவன்.

“தேவைப்படாது.”

“எழுந்து நடந்துடுவா போல!” என்று பின்வரிசை உற்சாகமானது.

எல்லோரும் மலிவான இரும்புச் சட்டத்தையே தேர்ந்தெடுத்தார்கள். ஒருத்தி மட்டும் மூன்று மடங்கு விலையுள்ள அலுமினியத்தில் வரைந்திருந்தாள்.

“பத்து வருஷம் உழைக்கிற சட்டம் எதுக்கும்மா?”

“லேசா இருக்கும் சார். யார் தயவும் இல்லாம அவளே தள்ளிக்கிட்டுப் போவா.”

“ரெண்டு வருஷத்துக்கு இவ்வளவு செலவு கட்டுப்படியாகாது” என்று மதிப்பெண்ணைக் குறைத்தார். அவள் முகம் சுண்டிப்போயிற்று. பாடத்தின்படி அவர் செய்தது சரிதான்.

வகுப்பு முடிந்ததும் மாடிப்படி ஓரம் ஒதுங்கி மனைவிக்குப் போன் செய்தார்.

“அலுமினிய நாற்காலியே வாங்கிடலாம். விலை போனா போகுது.”

மறுமுனையில் மனைவி உடைந்த குரலில் சொன்னாள்:

“அதுக்குக் கடைக்காரர் பத்து வருஷம் உத்தரவாதம் தர்றாருங்க. நம்ம பொண்ணுக்கு டாக்டர் ரெண்டு வருஷத்துக்கு மேல தரலையே!”