இசபெலின் முழங்கால்

‘இன்னைக்கும் இந்த முழங்கால் தாங்குமா மாதாவே?’ என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டே, இசபெல் கோயில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் ஜெபமாலை. இன்னும் தொடங்கவில்லை.

நாகர்கோவில் டாக்டர் போன வாரம்தான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இனியும் முட்டுக்குத்தி ஜெபம் செய்தால் ஆபரேஷன்தான். ஆபரேஷன் என்றால், மீன் சட்டியோடு வீடு வீடாகப் படியேற முடியாது. பிழைப்பு போய்விடும்.

ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் முடித்து வந்த பக்கத்து வீட்டுத் தேவகனி, ஃபாதர் அபராதமாகக் கொடுத்த மூன்று அருள்நிறை மந்திரத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, இவள் பக்கம் நகர்ந்து வந்தாள்.

“ஏட்டி, எங்களுக்கெல்லாம் மூணு, அஞ்சுன்னு முடிஞ்சிருது. நீ மட்டும் வாராவாரம் முழு ஜெபமாலை சொல்லுத. யாருக்கும் தெரியாம அப்படி என்ன பாவந்தான் செய்யுத?”

“பாவம் இருக்கப் போய்த்தானே அபராதம்” என்று சிரித்தாள் இசபெல்.

இனயம் ஊரில் பாதிப் பேருக்கு அந்தச் சந்தேகம் உண்டென்று அவளுக்குத் தெரியும். எடையில் ஏமாற்றுகிறாள் என்று ஒரு பேச்சு. கல்யாணத்துக்கு முந்தி என்னமோ நடந்தது என்று இன்னொரு பேச்சு. எதையும் அவள் மறுத்ததில்லை. மறுத்தால் வேறொன்றைச் சொல்லவேண்டி வரும்.

தவக்காலம் தொடங்கிய அன்று புது ஃபாதர் பிரசங்கத்தில் ஒன்று சொன்னார். அபராதம் என்று நாம் சொல்வதற்கு லத்தீனில் உள்ள சொல்லின் வேர் தண்டனை இல்லை, வருந்துவது. வருந்தாதவன் செய்கிற தபசு வெறும் கால்வலிதான் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இசபெலுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து அந்தச் சொல் நெஞ்சுக்குள்ளேயே கிடக்கிறது.

அவள் புருஷன் ஏசுஅடிமை மரக்கூண்டு போலிருக்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியிலிருந்து வெளியே வந்தார். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவையில் இருப்பவர். பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

“அவரைப் பாரு” என்று தேவகனி இசபெலின் தோளை இடித்தாள். “ஒரு நாளாவது அபராதம்னு முட்டுக்குத்தி நீ பாத்திருக்கியா? சொக்கத் தங்கம். நீயும் இருக்கியே.”

தேவகனி எழுந்து போனதும், ஏசுஅடிமை அருகில் வந்து குனிந்தார். இசபெலுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

“நேத்து ஒன்ன அடிச்சதுக்கு ரெண்டு ஜெபமாலை தந்திருக்காரு. எப்பவும்போல நீயே தீர்த்துட்டு வா. நான் சாயா குடிச்சிட்டு வாறேன்.”

இசபெல் சுவரைப் பிடித்து எழுந்து, ஜெபமாலையை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“அடிய நான் வாங்கியாச்சு. அபராதத்த நீரு வாங்கிக்கிடும்.”